முப்பதில் ஒரு பிள்ளை

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு ஆறாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகள் மே மாதத்தில் சாட்ஸ் தேர்வு எழுதுகிறார்கள். வாசிப்பையும் கணிதத்தையும் தேர்வுத்தாள் அளக்கிறது. எழுத்தை அவர்களுடைய ஆசிரியரே மதிப்பிடுகிறார். மூன்றிலும் எதிர்பார்க்கும் தரத்தை எட்டியவர்கள் 2025இல் நாடு முழுவதும் 62 சதவீதம். 30 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். 19 பேர் எட்டினால் 63 சதவீதம், பள்ளி தேசியச் சராசரிக்கு மேலே. 18 பேர் எட்டினால் 60, சராசரிக்குக் கீழே. நடுவில் நிற்பது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை தேர்வன்று காய்ச்சலோடு வந்திருக்கலாம். முந்தைய இரவு வீட்டில் நடந்த சண்டையில் தூங்காமல் இருந்திருக்கலாம். இலையுதிர் பருவத்தில் பள்ளி நிர்வாகக் குழுவினரான கவர்னர்களின் மேசைக்கு வரும் தாளில் அது எதுவும் இருக்காது. ஓர் அம்புக்குறி இருக்கும்: பச்சையில் மேல்நோக்கி, அல்லது சிவப்பில் கீழ்நோக்கி.

லண்டனின் வடமேற்கில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஒரு பகுதியில், கவுன்சில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் நான் பல ஆண்டுகளாகக் கவர்னராக இருக்கிறேன். முதலில் பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். என் பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போன பிறகு குழுவே என்னைச் சேர்த்துக்கொண்டது. பிழைப்புக்குச் செய்வது கணக்கு வேலை. அதனால் முடிவுகளைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு பள்ளி நன்றாக நடக்கிறதா என்பதை வகுப்பறையில் நிற்காத ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? இத்தனை காலமும் நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

கவர்னர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பெற்றோரின் பிரதிநிதிகள், ஊழியர் ஒருவர், தலைமை ஆசிரியர், கவுன்சில் முன்மொழியும் ஒருவர், குழு தானே தேடிச் சேர்த்துக்கொள்ளும் சிலர் என்று எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிறோம். பதவிக்காலம் பெரும்பாலும் 4 ஆண்டுகள். பள்ளி நிர்வாகத்தில் பெற்றோருக்குச் சம பங்கு வேண்டும் என்று 1977இல் டெய்லர் குழு பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பெற்றோர் இடங்களைக் கூட்டியது. தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு தெரிந்திருக்கும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். இங்கே பெற்றோரின் பங்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் அதிகாரம் கூடுதல்: தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும், அவர் பணியை ஆண்டுதோறும் மதிப்பிடுவதும், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும் கவர்னர்கள்தான். பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் இப்போது கவுன்சிலின் பொறுப்பிலிருந்து விலகிய அகாடமிகளாகிவிட்டன. பல பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அறக்கட்டளைகளில் அந்தந்தப் பள்ளியின் குழுவுக்கு அதிகாரம் குறைவு. நான் பேசுவது கவுன்சில் பள்ளி பற்றி.

கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே தாள்கள் வந்துவிட வேண்டும் என்பது விதி. வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு சதவீதத்தின் அருகிலும் அது எத்தனை பிள்ளைகள் என்று பென்சிலால் எழுதுவது. ‘வசதி குறைந்த பிள்ளைகளில் 50 சதவீதம்’ என்றால் ஆறில் மூன்றா, இருபதில் பத்தா? ஆறில் மூன்று என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பள்ளியைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. போன ஆண்டு ஐந்தில் நான்கு பேர், இந்த ஆண்டு ஆறில் மூன்று பேர் என்பதைத் தாள் ‘80இலிருந்து 50க்கு வீழ்ச்சி’ என்று காட்டும். அது வீழ்ச்சியே இல்லை. வேறு பிள்ளைகள், அவ்வளவுதான். சின்னப் பள்ளியில் ஓர் ஆண்டின் முடிவை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் தெரியும்.

சின்ன எண் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆறில் மூன்று பேர் எட்டவில்லை என்றால், அந்த மூவரைப் பற்றித் தனித்தனியாகக் கேட்க முடியும் என்பதுதான் சின்ன எண்ணின் பலன். பெயர்கள் கவர்னர்களுக்குத் தரப்படுவதில்லை. நமக்குத் தேவையும் இல்லை. “அந்த மூவரும் நான்காம் வகுப்பில் எந்த நிலையில் இருந்தார்கள்? அப்போது என்ன செய்தீர்கள்? அது பலிக்கவில்லை என்று எப்போது தெரிந்தது?” என்று கேட்டால் போதும். தலைமை ஆசிரியர் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். முடிவு மோசமாக இருந்தாலும் அந்தப் பள்ளி தன் பிள்ளைகளை அறிந்து வைத்திருக்கிறது. “விசாரித்துச் சொல்கிறேன்” என்ற பதில் வந்தால், சராசரி 80ஆக இருந்தாலும் எனக்குக் கவலைதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, ஒரே தீயில் ஒரே நேரத்தில் வேகிறது. வகுப்பறையில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வேகிறது. பள்ளியின் தரம், சராசரிக்குள் மறைந்துபோகும் பிள்ளைகளை அது தேடுகிறதா என்பதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கவர்னரின் வேலை அந்தத் தேடலை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது.

தேர்ச்சி விகிதம் சொல்லாத இன்னொன்றும் உண்டு: பிள்ளை எங்கே தொடங்கினான் என்பது. படித்த பெற்றோர் வாழும் தெருக்களிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளி உயர்ந்த சதவீதம் காட்டுவதில் வியப்பில்லை. அதனால்தான் ஏழு வயது மதிப்பீட்டிலிருந்து பதினொரு வயதுத் தேர்வு வரை ஒரு பிள்ளை எவ்வளவு நகர்ந்தான் என்று கணக்கிடும் முன்னேற்ற அளவை வந்தது. கொரோனா அதைக் குலைத்துவிட்டது. 2020இலும் 2021இலும் ஏழு வயது மதிப்பீடு நடக்கவில்லை. ஆகவே 2024, 2025 ஆண்டுகளில் ஆறாம் வகுப்பு முடித்தவர்களுக்குத் தொடக்கப்புள்ளியே கிடையாது. 2021 முதல் பள்ளியில் சேரும் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரங்களிலேயே ஓர் அடிப்படை மதிப்பீடு நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிப்பது 2028இல்.

பிள்ளையின் முன்னேற்றத்தில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு எங்கள் பகுதியில் இன்னொரு முகமும் இருக்கிறது, டியூஷன். சனிக்கிழமை காலையில் எங்கள் கடைத்தெருவில் நடந்தால் தெரியும்: கணிதத்துக்கு ஒரு வகுப்பு, கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு ஒரு வகுப்பு, பைகளோடு பிள்ளைகள், வாசலில் காத்திருக்கும் அப்பாமார். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் வெளியே படிக்கிறார்கள் என்றால் ஆறாம் வகுப்புக் கணித முடிவு யாருடைய உழைப்பு? இதை எந்த அரசு அறிக்கையும் அளப்பதில்லை. நான் கேட்பது இதுதான்: டியூஷன் போகாத பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? ஆசிரியர்களுக்கு யார் போகிறார்கள், யார் போவதில்லை என்று தெரியும், பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். மாதம் நூறு, இருநூறு பவுண்டு கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. அந்தப் பிள்ளையின் கணிதம்தான் பள்ளியின் கணிதம்.

தேசிய அளவை இல்லாத ஆண்டுகளில் பள்ளியின் சொந்த மதிப்பீடுகளை நம்பித்தான் ஆக வேண்டும். எவ்வளவு நம்புவது? இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது. இலையுதிர் பருவத்தில் ஆசிரியர்கள் ஆறாம் வகுப்புக்குத் தரும் எதிர்பார்ப்பை எடுத்து வைத்துக்கொள்வேன்: இத்தனை பேர் வாசிப்பில் எட்டுவார்கள், இத்தனை பேர் கணிதத்தில். ஜூலையில் முடிவு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். எதிர்பார்த்ததைவிட முடிவு குறைந்தால் மட்டும் அல்ல, வெகுவாகக் கூடினாலும் கேட்க வேண்டும். 18 பேர் என்று சொல்லி 25 பேர் எட்டினால் மகிழ்ச்சிதான். ஆனால் டிசம்பரில் அந்த ஏழு பேரைப் பின்தங்கியவர்கள் என்று நினைத்துத் தனி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்களா? அந்த நேரத்தில் அவர்கள் இழந்த இசையும் விளையாட்டும் என்ன? எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் பள்ளி தன் பிள்ளைகளைச் சரியாகப் பார்க்கப் பழகிவிட்டது என்று பொருள். எனக்கு எந்த அட்டவணையையும்விட இந்த இடைவெளி அதிகம் சொல்கிறது.

அளக்கத் தொடங்கியதும் அளக்கப்படுபவர்கள் மாறுவார்கள். இதற்கு நல்ல சான்று, எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் ஃபோனிக்ஸ் பரிசோதனை. 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஜூன் மாதத்தில் தங்கள் ஆசிரியர் முன் உட்கார்ந்து 40 சொற்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும்: 20 உண்மைச் சொற்கள், 20 பொருளற்ற கற்பனைச் சொற்கள். 32 சரியாக வாசித்தால் தேறியதாகக் கொள்ளப்படும். முதல் இரண்டு ஆண்டுகளும் எல்லை 32 என்று ஆசிரியர்களுக்கு முன்பே தெரியும். நாடு தழுவிய முடிவுகளை வரைபடமாக்கியபோது 31 மதிப்பெண்ணில் மிகச் சிலர்தான் இருந்தார்கள்; 32இல் வரைபடம் திடீரென்று மேலே குதித்தது. 2014 முதல் எல்லையைப் பரிசோதனை முடிந்த பிறகுதான் அறிவிக்கிறார்கள். அந்த ஆசிரியர்களைப் பொய்யர்கள் என்று சொல்வது அநியாயம். தடுமாறும் ஆறு வயதுக் குழந்தை ஒரு சொல்லை ஏறத்தாழச் சரியாகச் சொன்னால், எதிரே இருப்பவர் அன்பினால் சரி என்று குறிப்பது மனித இயல்பு. ஆனால் 32 வாங்கிய அந்தக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்பில் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போயிருக்கும். ஆகவே எங்கள் பள்ளியில் ஃபோனிக்ஸ் முடிவு வரும்போது தேறியவர்கள் எத்தனை என்று கேட்டதோடு நான் நிறுத்துவதில்லை. 32, 33, 34 வாங்கியவர்கள் எத்தனை பேர், செப்டம்பரில் அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்றும் கேட்கிறேன்.

தமிழ்ப் பிள்ளைகள் எங்கே மறைகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி கேட்டு வளரும் எல்லோரும் பள்ளிப் பதிவேட்டில் ‘ஆங்கிலம் கூடுதல் மொழி’ என்ற ஒரே பிரிவுக்குள் வருவார்கள். இங்கேயே பிறந்து, அம்மாவோடு தமிழும் அண்ணனோடு ஆங்கிலமும் பேசும் பிள்ளையும் அதில்தான். வவுனியாவிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆறு மாதத்துக்கு முன் வந்து இன்னும் வாய் திறக்காத பிள்ளையும் அதில்தான். இரண்டையும் கூட்டி எடுக்கும் சராசரி பல பள்ளிகளில் நன்றாகவே இருக்கும், “கூடுதல் மொழிப் பிள்ளைகள் சிறப்பாகச் செய்கிறார்கள்” என்று அறிக்கையில் ஒரு வரி வரும். புதிதாக வந்த பிள்ளை அந்த வரிக்கு அடியில் இருப்பான். ஒவ்வொரு பிள்ளையின் ஆங்கிலத் திறனையும் ஐந்து படிகளில் பதியச் சொல்லி 2016இல் அரசு கேட்டது. 2018இல் அதைக் கைவிட்டது. கட்டாயம் இல்லாவிட்டாலும் பள்ளி தனக்காக அதைத் தொடரலாம். தொடர்கிறதா என்று கவர்னர் கேட்கலாம்.

அமைதியான பிள்ளை விஷயத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு. வகுப்பில் பேசாத பிள்ளைக்கு ஆங்கிலம் போதாதா, கற்றலில் குறைபாடு இருக்கிறதா, காது சரியாகக் கேட்கவில்லையா, பயமா? மூன்று ஆண்டுகள் ‘ஆங்கிலம் வந்ததும் சரியாகிவிடும்’ என்று விட்டுவிட்டு, பிறகு உண்மையான குறைபாடு தெரியவரும் பிள்ளைகள் உண்டு. ஆங்கிலம் போதாததைக் குறைபாடு என்று முத்திரை குத்துவதும் நடக்கிறது. சிறப்புத் தேவைப் பட்டியலில் மொழிவாரியாக எத்தனை பேர் என்று நான் ஆண்டுதோறும் கேட்கிறேன். ஒரு மொழிப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் விகிதத்தைவிட அந்தப் பட்டியலில் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பணம் சார்ந்த மறைவு ஒன்றும் உண்டு. 2011இல் வந்த பியூப்பில் பிரீமியம் திட்டத்தில், இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றதாகக் கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது பதிவான ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்குத் தனித் தொகை வருகிறது. 2025-26இல் ஆரம்பப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு 1,515 பவுண்டு. 2014 முதல் இங்கிலாந்தில் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பர் முதல் மேயரின் திட்டத்தில் ஆறாம் வகுப்பு வரை எல்லோருக்கும் இலவசம். நல்ல திட்டங்கள். ஆனால் வருமானம் குறைந்த பெற்றோர் பலர் பதிவுப் படிவத்தை நிரப்புவதில்லை. வாசலில் ஒரு தாய் என்னிடம் கேட்டார், “எல்லாப் பிள்ளையளுக்கும் சாப்பாடு குடுக்கினம்தானே அக்கா, பிறகேன் இந்த ஃபோம்?” சாப்பாட்டுக்காக இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் காசு வருவதற்காக என்று விளக்கியதும் நிரப்பிக் கொடுத்தார். கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம். இன்னும் சிலருக்கு அது கையேந்துவதுபோல் படுகிறது. பதியாத பிள்ளை ‘வசதி குறைந்தவர்’ பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துப் பள்ளியின் நியாயத்தை அளக்கும் கவர்னரின் கண்ணிலும் இல்லை. எங்கள் குழு ஒவ்வோர் இலையுதிர் பருவத்திலும் பதிவு எண்ணிக்கையைப் பார்க்கிறது. அக்கம்பக்கத்தின் நிலைமைக்கு அது பொருந்தவில்லை என்று தோன்றினால் அலுவலகம் பெற்றோருக்கு அவரவர் மொழியில் தொலைபேசியில் பேசுகிறது.

வருகைப் பதிவுக்கு வருகிறேன், ஏனென்றால் சராசரி மிக எளிதாக ஏமாற்றும் இடம் அது. பள்ளி ஆண்டு 190 நாள். ஒரு வகுப்பின் வருகை 95 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 பிள்ளைகளுக்கு மொத்தம் 5,700 நாள், 5 சதவீதம் என்றால் 285 நாள் விடுப்பு. 27 பிள்ளைகள் சளி, காய்ச்சல் என்று ஆளுக்கு 4 நாள் வரவில்லை என்றால் 108. மிச்சம் 177 நாள் மூன்று பிள்ளைகளின் தலையில் விழலாம், ஆளுக்கு 59 நாள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆண்டைத் தவறவிட்ட மூன்று பிள்ளைகள் 95 என்ற எண்ணுக்குள் இருக்க இடமிருக்கிறது. பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்களைத் தனியாகக் கணக்கெடுப்பது இதனால்தான். நாட்டின் எல்லாப் பள்ளிகளையும் சேர்த்து அப்படிப்பட்டவர்கள் 2018-19இல் 10.9 சதவீதம், 2022-23இல் 21.2. கொரோனா விட்டுச்சென்ற வடு அது, இன்னும் ஆறவில்லை. கூட்டத்தில் சராசரி வருகை சொல்லப்படும்போது நான் கேட்பது: 19 நாளோ அதற்கு மேலோ தவறவிட்டவர்கள் எத்தனை பேர், அதில் போன ஆண்டும் இருந்தவர்கள் எத்தனை பேர், யார் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்?

பதிவேட்டை விட்டே போனவர்களையும் கேட்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புத் தேர்வுக்கும் இடையில் யார் போனார்கள், எங்கே போனார்கள், ஏன்? வாடகை ஏறி வீடு மாறினார்கள் என்றால் புரிகிறது. ‘வீட்டிலேயே கற்பிக்கப் போகிறோம்’ என்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தால், அதற்கு முன் பள்ளிக்கும் அவர்களுக்கும் நடந்த பேச்சு என்ன? போனவர்களில் சிறப்புத் தேவை உள்ளவர்கள் அதிகமாக இருந்தால், முடிவுகளில் தெரியும் பச்சை அம்புக்குறியை நான் ஏற்கமாட்டேன்.

தாளை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போகும் நாட்களைப் பற்றி. கவர்னர் பள்ளிக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் பாடத்தை மதிப்பிட அல்ல. ஆசிரியர் கற்பிப்பது சரியா தவறா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அது தலைமை ஆசிரியரின் தொழில். நான் பார்ப்பது, கூட்டத்தில் சொன்னது வகுப்பறையில் நடக்கிறதா என்பதை. எழுத்தை மேம்படுத்துவது இந்த ஆண்டின் இலக்கு என்று திட்டத்தில் இருந்தால், பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து சில நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுவேன். நன்றாக எழுதும் பிள்ளையின் நோட்டை யாரும் காட்டுவார்கள். நான் கேட்பது, வசதி குறைந்த ஒரு பிள்ளை, புதிதாக வந்த ஒரு பிள்ளை, நடுவில் இருக்கும் ஒரு பிள்ளை. மூவரின் நோட்டிலும் செப்டம்பர்ப் பக்கத்தையும் பிப்ரவரிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆசிரியர் திருத்தம் எழுதியிருப்பது பெரிதல்ல. அதன் பிறகு பிள்ளை எழுதியது மாறியிருக்கிறதா என்பதுதான் செய்தி.

பிள்ளைகளோடு பேசக் கிடைக்கும் கால் மணி நேரம் விலை மதிக்க முடியாதது. “பள்ளி பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “ஒன்று புரியாவிட்டால் என்ன செய்வாய்?” என்று கேட்டால் பதில்கள் பிரியும். “கை தூக்குவேன்” என்பவன் உண்டு. “நண்பனைப் பார்த்து எழுதுவேன்” என்பவன் உண்டு. “புரிந்தமாதிரி இருப்பேன்” என்று ஒரு சிறுமி சொன்னது கேட்டு அந்த வாரம் முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை. “மதிய இடைவேளையில் எங்கே நிற்பாய்?” என்று கேட்டால் யார் தனியாக நிற்கிறார்கள் என்று தெரியும். கழிப்பறைக்குப் போகப் பயந்து மாலை வரை அடக்கிக்கொள்கிறார்களா என்பதையும் கேட்பேன். மதிய உணவு மேற்பார்வையாளர்கள், வாசல் காவலர், அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர் ஆகியோருக்கு அறிக்கையில் இல்லாதது நிறையத் தெரியும். காது கொடுப்பேன். புகாராகக் கொண்டுபோவதில்லை, கேள்வியாகக் கொண்டுபோவேன்.

கணக்குக்காரியாக ஒன்றைச் சேர்க்கிறேன். வரவு செலவு அறிக்கையில் ‘சப்ளை ஆசிரியர்’, அதாவது தற்காலிக மாற்று ஆசிரியர், செலவு என்ற வரி தரத்தின் அளவை. அது பருவத்துக்குப் பருவம் ஏறினால் ஆசிரியர்கள் நோய்ப்படுகிறார்கள் அல்லது விலகுகிறார்கள். பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு புது முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரே வகுப்புக்கு ஓர் ஆண்டில் மூன்று ஆசிரியர் மாறினால் அந்த வகுப்பின் முடிவு இரண்டு ஆண்டு கழித்துச் சாட்ஸில் தெரியும். செலவு வரியில் அது இன்றே தெரிகிறது. விலகும் ஆசிரியர்களிடம் ஏன் போகிறீர்கள் என்று யாராவது உட்கார்ந்து கேட்கிறார்களா என்பதும் கவர்னர் தெரிந்துகொள்ள வேண்டியது.

பள்ளிகளை மதிப்பிட 1992ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ஆஃப்ஸ்டெட் இருக்கும்போது நாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு நாள் வருகிறார்கள். பள்ளியை ஒரே சொல்லில் எடைபோடும் முறை நீண்ட காலம் இருந்தது. ரெடிங் நகரில் கேவர்ஷம் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை ரூத் பெர்ரி, தன் பள்ளி மிகக் கீழான தரத்துக்கு இறக்கப்பட்டது தெரிந்த பிறகு, 2023 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் அவர் மரணத்துக்கு ஒரு காரணம் என்று அதே ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. 2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் தீர்ப்பு கைவிடப்பட்டது. 2025 நவம்பர் முதல் பல துறைகளைத் தனித்தனியாக ஐந்து படிகளில் மதிப்பிடும் அறிக்கை அட்டை வந்திருக்கிறது. அட்டை சொல்லைவிட மேல். இருந்தாலும் அது வெளியாரின் இரண்டு நாள் பார்வை. மிச்ச நாட்களின் பொறுப்பு எங்களுடையது. ஆய்வாளர் வந்து சொல்லும் குறை எதுவும் எங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கக் கூடாது என்பதே நான் எங்கள் குழுவுக்கு வைத்திருக்கும் சோதனை. தலைமை ஆசிரியர் நன்றாகத் தூங்குகிறாரா, அவரோடு மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதும் எங்கள் கடமைதான்.

கேட்பது என்றதும் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் வருகிறது. ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். பெற்றோர் சந்திப்பில் “பிள்ளை எப்பிடிப் படிக்கிறான்?” என்று கேட்டு, “நன்றாகப் படிக்கிறான்” என்ற பதிலோடு நன்றி சொல்லி எழுந்துவிடுவோம். கவர்னர் மேசையில் அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்குத் தீங்கு. மேம்பாட்டுத் திட்டத்தின் எல்லா வரிகளும் பச்சையில் வந்தால் நான் “நன்று” என்று சொல்லி விடுவதில்லை. “இதில் எது உங்களுக்குக் கவலை தருகிறது?” என்று கேட்பேன். நல்ல தலைமை ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை விரும்புகிறார்கள். எங்கள் தலைமை ஆசிரியை ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்த வகுப்புக்குக் கூடுதல் உதவியாளரை நியமிக்க அன்றே பணம் ஒதுக்கினோம். தாளில் அது பச்சையாகத்தான் இருந்தது.

இங்கிலாந்தில் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு: இலவச உணவுப் படிவத்தை, தகுதி இருந்தால், இந்த வாரமே நிரப்புங்கள், பள்ளியில் எல்லோருக்கும் சாப்பாடு கிடைத்தாலும் நிரப்புங்கள். பெற்றோர் கவர்னர் தேர்தல் அறிவிப்பு வந்தால் குப்பையில் போடாமல் படியுங்கள். பட்டம் தேவையில்லை, சரளமான ஆங்கிலம் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பதினெட்டு வயதும், பின்னணிச் சோதனையும், பருவத்துக்கு ஒன்றிரண்டு மாலைகளும், கேட்கும் துணிவும் போதும். உங்கள் பிள்ளையின் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளையைப் பற்றி அந்த மேசையில் கேட்க ஒருவராவது வேண்டும். பெயரைக் கொடுங்கள்.